கிடாமுத்து மகள் அமிர்தம்

தமிழ்நாட்டில் கழகங்களுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அரிசிக்கு வந்திருக்கிறது. நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற தஞ்சாவூர்ச் சீமையிலேயே வந்திருக்கிறது. கழகங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ஆகவே எண்பதுகளின் நடுவில் திருவாரூரில் இன்னொரு கழகம் முளைத்தபோது ஜனங்கள் ஒன்றும் திகைத்துப்போகவில்லை. இதற்குக் கொடி கிடையாது, பலகை மட்டும்தான். 'காவிரிப் படுகை வட்டியில்லா வளர்ச்சிக் கழகம்' என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகையைக் கடனுக்கு வாங்கி அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சில பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். நாம் அதை நம்ப வேண்டியதில்லை.

நோக்கம் நல்ல நோக்கம்தான். எந்தக் கழகத்துக்குத்தான் நோக்கம் கெட்டதாக இருந்திருக்கிறது? கூத்தாநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வெயிலில் வெந்து சம்பாதித்த பணம், வட்டி ஆகாது என்பதால் எந்த வங்கிக்கும் போகாமல் பீரோவில் படுத்துத் தூங்குகிறது. அதைத் தட்டி எழுப்பி ஏழைகளுக்கு வட்டியில்லாமல் கொடுத்தால் நாடு வளரும். எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொண்டுவர, பொது மேலாளர் இராஜாங்கமும் நாலு அதிகாரிகளும் வளைகுடாவுக்கே போனார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு டேப்ரிகார்டரும் அத்தர் பாட்டிலும், எல்லோருக்கும் பொதுவாகச் சில கொள்கைகளும் கொண்டுவந்தார்கள். டேப்ரிகார்டருக்குச் சுங்கம் கட்ட வேண்டியிருந்ததில் இராஜாங்கத்துக்குக் கடைசிவரை வருத்தம்.

கொள்கைகள் இவைதான். பணமாகக் கடன் கொடுக்கக் கூடாது, பொருளாகத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பொருளைக் கழகமே முதலில் வாங்கித் தன் கைவசம் வைத்திருந்து, லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்க வேண்டும். பொருள் இன்னதென்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்க வேண்டும். பழுது இருந்தால் விற்றவர் மாற்றித் தர வேண்டும். கீழமருதங்குடிப் பள்ளிவாசல் ஹஜ்ரத் இதைக் கேட்டுவிட்டு, "நாணயமான யாவாரி காலங்காலமாப் பண்றதுதானே இது. நம்ம ஆயிஷாவுக்கு ஒரு எருமை வாங்கிக் குடுங்க, லாபத்தைச் சொல்லித் தவணையில வாங்கிக்குங்க. முடிஞ்சுபோச்சு" என்றார். இவ்வளவு சுலபமாக இருந்தால் அது பொருளாதாரமாக இருக்க முடியாது என்று, அவரை ஆலோசனைக் குழுவிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

ஹஜ்ரத் சொன்ன ஆயிஷா, புருஷனைப் பறிகொடுத்தபின் ஒரே ஒரு எருமையை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களை வளர்த்தவள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்ததும் அந்த எருமைதான், இளையவளைப் பத்தாவது வரை கொண்டுவந்ததும் அந்த எருமைதான். ஐப்பசி வெள்ளத்தில் எருமை போய்விட்டது. பால் வாங்கிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் நல்ல மனுஷர். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் பால் வராவிட்டால் பாக்கெட் பாலுக்குப் போய்விடுவேன், தப்பா நெனைச்சுக்காதே என்று சொல்லியிருந்தார். ஊரில் மீட்டர் வட்டிக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தது. ஆயிஷா வட்டிக்கு வாங்கமாட்டாள். அது அவளுக்கு மார்க்கம் சொன்னது. வட்டிக்கு வாங்கிய பக்கத்து வீட்டின் கதவு நிலையைப் பேர்த்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் சேர்ந்துகொண்டது.

ஆகவே அவள் திருவாரூருக்குப் பஸ் ஏறிப்போய்க் கழகத்தில் கள அலுவலர் பஞ்சநதத்தைப் பார்த்தாள். பக்கத்து ஊரில் ஈன்று மாசம் திரும்பாத ஒரு கறவை இருக்கிறது, நல்ல மடி, சாது, விலை பேசிவிட்டேன், அதை வாங்கிக் கொடுத்தால் போதும் என்றாள். பஞ்சநதம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். வாங்குகிறவரே பொருளைத் தேர்ந்தெடுத்தால் பிறகு அதிகாரிகள் எதற்கு? கழகம் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டுமே வாங்கும். அப்படி அங்கீகாரம் பெற்றவர் மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கழகத்தின் தலைவர் துரைராசு. விற்கிறவரும் அவரே, வாங்குகிற கழகத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே என்பதால் பேரத்தில் மனக்கசப்புக்கே இடமில்லை.

துரைராசுவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் கதை நகராது. பழைய மிராசு. ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையை மாற்றிக்கொள்வார், வேட்டியை மாற்றமாட்டார், அவ்வளவு சிக்கனம். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான் என்று அரசு சொன்னபோது அவர் சட்டத்தை மதித்தார். நிலத்தைக் குறைக்காமல் குடும்பத்தைப் பெரிதாக்கினார். மாமியார், மைத்துனர், சமையல்காரர், செத்துப்போன சித்தப்பா என்று எல்லார் பேரிலும் எழுதியும் அரைவேலி நஞ்சை, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல், மிஞ்சிவிட்டது. கணக்கப்பிள்ளை ஐயாவு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு எருமைக் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் அமிர்தம். ஐயாவு 'அமிர்தம்' என்று எழுதினார். தகப்பனார் பெயர் என்ற இடம் வந்ததும் கொஞ்சம் யோசித்து, 'கிடாமுத்து' என்று நிரப்பினார்.

பட்டா வந்தது. பட்டாவைக் காட்டிக் குடும்ப அட்டை வந்தது. அட்டையைக் காட்டி வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியது. அமிர்தம் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போடத் தவறியதில்லை. அந்த அரைவேலியை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுதுகொண்டிருந்தவர் மருதையன். செங்கொடி பிடித்து, கூலிக்காக அடிபட்டு, ஜெயிலுக்கும் போய்வந்தவர். அவரிடம் நிலத்துக்காரி திருப்பனந்தாளில் இருக்கிற எங்கள் அத்தை, புருஷனை இழந்தவள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். மிராசுதார்களைத் திட்டும்போதுகூட மருதையன் அந்தத் தனிக்கட்டை அம்மாளை மட்டும் விட்டுவிடுவார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த அம்மாளுக்கென்று நாலு கரும்பும் கொடுத்தனுப்புவார். கரும்பு உண்மையிலேயே அமிர்தத்துக்குத்தான் போயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த அமிர்தம் இப்போது கிழடாகி, மடி வற்றி, கொட்டிலில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றாள். துரைராசு கழகத்துக்கு விற்றது அவளைத்தான். பத்திரத்தில் 'இளங்கறவை' என்று போட்டிருந்தது.

பத்திரம் எழுதியதும் ஒரு கூத்து. கழகத்துக்கு எழுதித் தந்தவர் நாற்பது வருஷமாக நிலப்பத்திரம் மட்டுமே எழுதிப் பழகிய கை. எருமைக்கு என்று தனி வாசகம் அவருக்குத் தெரியாது. பொருளைச் சந்தேகமில்லாமல் விவரிக்க வேண்டும் என்று இராஜாங்கம் வேறு உயிரை வாங்கினார். விற்கப்படுவதன் பெயர் என்ன என்று பத்திர எழுத்தர் கேட்டார். அமிர்தம் என்றார் ஐயாவு. தகப்பனார் பெயர்? இத்தனை வருஷமாகத் தாலுகா ஆபீசிலும் ரேஷன் கடையிலும் சொல்லிச் சொல்லி ஊறிப்போன நாக்கு, "கிடாமுத்து" என்று தானாகச் சொல்லிவிட்டது. மீதியைப் பத்திர எழுத்தர் வழக்கப்படி நிரப்பினார். 'மேற்படி அமிர்தத்தையும், அமிர்தத்தின் பேரிலும் அனுபவத்திலும் உள்ள நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலான சகல பாத்தியங்களையும் சேர்த்து' விற்றாயிற்று, புதையல், தண்ணீர், மரம், கல் என்று ஒன்று விடாமல். துரைராசு படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடுகிற காகிதத்தைப் படிக்கிற வழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது. படிக்காமல் கைநாட்டு வைக்கிறவர்களை வைத்துத்தான் அந்தப் பரம்பரை வளர்ந்தது.

அடுத்தது கைவசம். பொருள் கழகத்தின் கைவசம் இருந்தாக வேண்டுமே. அமிர்தத்தைத் திருவாரூர் அலுவலக வாசலுக்கு ஓட்டிவந்தார்கள். இங்கேதான் ஊர் வழக்கம் குறுக்கே வந்தது. மாடு விற்கிறவர்கள் கயிற்றை விற்கமாட்டார்கள், கயிற்றோடு வீட்டு லட்சுமி போய்விடுவாள். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். ஐயாவு பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். கழகத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் கயிறு இல்லை. அது மூலதனச் செலவா நடைமுறைச் செலவா என்று சென்னைக்கு எழுதிக் கேட்டார்கள். ஒப்பந்தப்புள்ளி கோரிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள்.

அமிர்தம் விளம்பரத்துக்குக் காத்திருக்கவில்லை. நேராகப் போய் ஓடம்போக்கி ஆற்றில் படுத்துக்கொண்டாள். கைவசம் என்றால் கைவசம் என்று இராஜாங்கம் ஆணையிட்டார். பஞ்சநதம் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு வேளையில் டைப்பிஸ்ட் வந்து மாற்றிக்கொண்டார். வருகைப் பதிவேட்டைக் கரைக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார்கள்.

ஆயிஷா வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸுக்குக் கொடுத்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். கார்த்திகை போய் மார்கழியும் பிறந்துவிட்டது. முதல் நாளே அவளுக்குச் சந்தேகம். கரையில் ஏறிய எருமையின் வாயைத் திறந்து பார்த்தாள். பல் தேய்ந்து போயிருந்தது. மடியைத் தடவிப் பார்த்தாள். காலிப்பை மாதிரி தொங்கியது.

"சார், இது பால் மறந்து பல வருஷம் ஆயிருக்கும்போல இருக்கே" என்றாள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றார் பஞ்சநதம் வாலைப் பிடித்தபடி. தானமில்லையே சார், தவணை கட்டப்போறேனே என்றாள் அவள். கோப்பில் இளங்கறவை என்று இருக்கிறது, கோப்பை விட எருமைக்குத் தன்னைப் பற்றி அதிகம் தெரியுமா என்று பஞ்சநதம் கேட்டார். ஒரு கயிறாவது நான் வாங்கிவரட்டுமா என்றாள் ஆயிஷா. ஐயையோ, வாடிக்கையாளர் கயிறு போட்டால் அது வாடிக்கையாளர் கைவசமாகிவிடும், வட்டி வந்துவிடும் என்று பதறினார் அவர். எந்த வழியாக வட்டி வரும் என்று அவள் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது, பாவம்.

பொங்கலுக்குப் பத்துநாள் இருக்கும்போது கயிறு வந்தது. உடனே விழா வைத்தார்கள். திருவாரூர் கடைத்தெருவில் பந்தல், வாழைமரம், அமைச்சர். அமிர்தத்தின் கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் மாலை போட்டு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆயிஷாவுக்குப் புடவைத் தலைப்பைச் சரியாகப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு நாற்காலி கொடுத்தார்கள். கீழமருதங்குடியிலிருந்து லாரி வைத்துக் கூட்டிவந்த கூட்டத்தில் மருதையனும் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

இராஜாங்கம் வரவேற்றுப் பேசினார். "வட்டி என்ற சொல்லையே நாம் ஒழித்துவிட்டோம். இந்த எருமைக்கு வட்டி கிடையாது. லாபம் உண்டு, பரிசீலனைக் கட்டணம் உண்டு, கண்காணிப்புக் கட்டணம் உண்டு, கயிற்றுக் கட்டணம் உண்டு. கூட்டிப் பார்த்தால் வட்டியைவிடச் சற்றே கூடுதலாக வரலாம். ஆனால் அது வட்டி அல்ல என்பதில் நாம் உறுதியாக இருக்கிறோம்" என்றார். கைதட்டல் எழுந்தது. உற்சாகமாகி, இந்த எருமை நேராக ஆயிஷா அம்மையாரிடம் போயிருந்தால் ஒரே விற்பனை, கழகத்தின் வழியாகப் போவதால் இரண்டு விற்பனை, ஆக ஒரே எருமையைக் கொண்டு மாவட்டப் பொருளாதாரத்தை இரண்டு மடங்காக்கிவிட்டோம் என்றார். அமைச்சர் இதை உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

துரைராசு எழுந்தார். "வட்டி வாங்குறது ஏழையோட ரத்தத்தை உறிஞ்சுற பாவம். எங்க குடும்பத்துல யாரும் வட்டிக்காக ஒருத்தரை வாசல்ல நிக்கவச்சதில்லை. குடுக்க முடியலையா, நிலத்தை எழுதி வாங்கிக்குவோம், அதோட விட்டுருவோம். அப்படிப்பட்ட ஈர நெஞ்சு எங்க பரம்பரைக்கு" என்றார். உழுகிறவனுக்கே நிலம் என்பதுதான் தன் உயிர் மூச்சு என்றும் சொன்னார். மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, அதே வாசகத்தில் ஆயிஷாவுக்கு எழுதிய பத்திரத்தை ஊரறியப் படித்தார்கள், அதுவும் கொள்கைதான். பஞ்சநதம் மைக்கைப் பிடித்து, ஆற்றில் நின்ற சளியோடு, 'கிடாமுத்து மகள் அமிர்தம்' என்று தொடங்கினார். கூட்டத்தில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த மருதையனின் கை அப்படியே நின்றுவிட்டது. 'அமிர்தத்தின் பேரிலும் அனுபவத்திலும் உள்ள சகல பாத்தியங்களையும்' என்று பஞ்சநதம் போய்க்கொண்டே இருந்தார். மேடையில் துரைராசுவின் முகம் சுண்ணாம்பாகிக்கொண்டு வந்தது.

மருதையன் எழுந்து நின்றார். கோஷம் போட்டுப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். கிடாமுத்து மக அமிர்தம்னு எங்க ஊர்ப் பட்டாவுல ஒருத்தங்க பேருதான் இருக்கு. அவங்க நெலத்தைத்தான் நான் வாரத்துக்கு உழுவுறேன். திருப்பனந்தாள் அத்தைன்னு சொன்னீங்க. இத்தனை வருஷமா நான் நெல்லு அளந்தது இந்தம்மாவுக்கா?"

கூட்டம் ஒரு கணம் அமிர்தத்தைப் பார்த்தது. அமிர்தம் வாழைமரத்தைத் தின்றுகொண்டிருந்தாள். பிறகு எழுந்த சிரிப்பில் பந்தல் ஆடியது. அமைச்சருக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. போகிற அவசரத்திலும் கயிற்றை ஆயிஷா கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனார். ஆக, பொருள் முறைப்படி கைமாறிவிட்டது.

அன்று சாயங்காலம் முழுக்க ஆயிஷா அழுதாள். ஊர் சிரித்ததில் அவளுக்கு என்ன வந்தது? ஓட்டிக்கொண்டு வந்தது கிழட்டு எருமை. அடுத்த மாதத்திலிருந்து தவணை கட்ட வேண்டும், பொங்கல் தாண்டினால் டீக்கடையும் இல்லை. இளையவள் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் இருந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் ஆயிஷாவுக்கு இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் துரைராசுவின் கார் அவள் வாசலில் நின்றது. கட்சிக்கரை வேட்டி இல்லை, வெறும் வெள்ளை வேட்டி. தெரியாமல் நடந்துவிட்டது, கொட்டில் ஆட்கள் மாற்றி ஓட்டிவிட்டார்கள், அமிர்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிடம்மா, நல்ல கறவையாக ஒன்று, ஏன், கன்றோடு இரண்டு அனுப்புகிறேன் என்றார். தகவல் தெரிந்து மருதையனும் வந்து வேலியோரம் நின்றுகொண்டார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

ஆயிஷாவுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு என்ன இருக்கிறது? சரிங்க ஐயா என்று சொல்லியேவிட்டாள். ஆனால் கழகத்தில் இரண்டு மாதமாக நடையாய் நடந்ததில் அவள் காதில் கொஞ்சம் ஏறியிருந்தது.

"பால் கறக்கும்னு சொல்லிக் குடுத்தது கறக்கலைன்னா, மாத்திக் குடுக்கறது வித்தவங்க பொறுப்புன்னு ஆபீஸ்ல படிச்சாங்கய்யா. அதனால நீங்க கறவை குடுக்கறது எனக்கு நாயம்தான். ஆனா இவளைத் திருப்பி வாங்கிக்கிறதுன்னா அது புது யாவாரம். பொருள் இன்னதுன்னு சந்தேகமில்லாம எழுதாம வாங்குறதும் விக்கிறதும் ஆகாதாம். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

"என்ன எழுதணும்?"

"அமிர்தம் எருமையா, மனுஷியான்னு."

அவள் கபடமில்லாமல்தான் கேட்டாள். வேலியோரம் நின்ற மருதையனுக்குத்தான் இருமல் வந்தது. துரைராசு அமிர்தத்தைப் பார்த்தார். எருமை என்று எழுதினால் அரைவேலி பினாமி, உச்சவரம்பில் போய்விடும். அதைத் தொட்டால் மாமியார், மைத்துனர், செத்த சித்தப்பா என்று சரம்சரமாக வெளியே வரும். மனுஷி என்று எழுதினால் ஒரு மனுஷியைக் கயிறு கட்டி அமைச்சர் முன்னிலையில் விற்றவராவார். எத்தனையோ கட்சிகளில் இருந்து எத்தனையோ கேள்விகளுக்கு மழுப்பியவர், இந்த ஒன்றுக்குக் கையெழுத்துப் போடாமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் கன்றோடு ஒரு கறவை வந்து சேர்ந்தது. புதுக்கயிற்றுடனேயே வந்தது. ஐயாவு வந்து, இது பழுதுக்கு மாற்று, அமிர்தம் இங்கேயே இருக்கட்டும், மிராசுக்கும் அமிர்தத்துக்கும் இனிமேல் பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பொங்கலுக்கு முந்தின நாள் டீக்கடைக்குப் பால் போயிற்று.

அறுப்பு முடிந்ததும் மருதையன் வண்டி கட்டிக்கொண்டு ஆயிஷா வீட்டுக்கு வந்தார். நிலத்துக்காரி இங்கே இருப்பதால் வாரம் இங்கேதான் வர வேண்டும் என்றார். பத்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று ஊரும் சொன்னது. ஆயிஷா மூட்டைகளைப் பார்த்தாள், அமிர்தத்தைப் பார்த்தாள்.

"நெல்லை எறக்காதீங்கண்ணே, அது உழுதவங்களுக்கு. வைக்கோலை மட்டும் போட்டுட்டுப் போங்க. இவளுக்கு அது போதும்" என்றாள்.

கழகம் வெகு காலம் நன்றாக நடந்தது. ஆண்டறிக்கையின் அட்டையில் அமிர்தத்தின் படம் வந்தது. கறவைத் திட்டத்தின் பால் அளவு பூஜ்யம், ஆனால் பயனாளிக்குச் சொத்து கூடியிருக்கிறது, இது ஆய்வுக்கு உரியது என்று இராஜாங்கம் அதில் எழுதியிருந்தார். ஆய்வு செய்ய மறுபடியும் வளைகுடாவுக்கு ஒரு குழு போயிற்று.

அடுத்த தேர்தலில் துரைராசுவே வேட்பாளர், புதுக் கரை வேட்டி. வீடு வீடாக வந்தவர் ஆயிஷா வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தார். கூட வந்த ஒரு புதுக் கட்சிக்காரர், பத்திரப்படி முகவரி மாறியிருந்த வாக்காளர் பட்டியலைப் பார்த்து, "அண்ணே, இங்க ஒரு ஓட்டு இருக்கு, கிடாமுத்து மக அமிர்தம்" என்று கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார். தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. ஆயிஷா கொட்டிலைக் கைகாட்டினாள். அமிர்தம் அசைபோட்டபடி தலையைத் திருப்பிப் பார்த்தாள். கும்பிட்டால் மனுஷி, கும்பிடாமல் போனால் எருமை. மருதையன் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். துரைராசு மெதுவாக இரண்டு கையையும் கூப்பி, "பார்த்துப் பண்ணுங்கம்மா" என்றார்.